சத்தம் சொல்லும் சேதி

தனித்தமிழ் இயக்கத்தை 1916-ல் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் எங்களுடையது. ஆனால் இங்கே காலையில் எழுந்தால் காதில் விழுவது கிளட்ச், கியர், பேரிங்! 1999 முதல் 2022 வரை ஃபோர்டு கார்கள் இங்கேதான் தயாராயின. எங்கள் வாசலில் நிற்பதோ அப்பாவின் பழைய டாடா 207.

அப்பா ஆறாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். காய்கறி, சிமெண்ட், கல்யாணச் சாமான் என்று அந்த வண்டியில் எது ஏறினாலும் கூடவே என் ஃபீஸும் ஏறி வந்தது. போன தை மாதம் அதில் ஒரு ‘கீச்’ சத்தம். பார்த்த மெக்கானிக், "கியர்பாக்ஸ் பேரிங் போச்சு, பிரிச்சுடணும்" என்றார். அவர் சொன்ன தொகை என் செமஸ்டர் ஃபீஸைவிட அதிகம். அப்பா எதுவும் பேசவில்லை.

"அப்பா, ஒரு தடவை நான் பாக்கட்டுமா?"

"புஸ்தகத்துல சத்தம் கேக்குமாடா?" என்று சிரித்தவர், ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

கிளட்ச் பக்கம் சத்தம் வந்தால், வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட வேண்டும். பெடலைத் தொடாதபோது வரும் சத்தம் மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மிதித்ததும் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுகிறதே! லேசாக மிதித்து, ஃப்ரீ பிளே முடியும் இடத்தில் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து கியர் போட்டு நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங். அப்போது ஃபிளைவீல் சுற்றும், ஷாஃப்ட் நிற்கும். கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டும்.

அப்பா மிதித்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பெடல் ஓர் அங்குலம் இறங்கியதும் கீச்! விட்டால் நிசப்தம்.

"கூடுவாஞ்சேரி சிக்னல்ல கிளட்ச்ச புடிச்சிக்கிட்டு நின்னா இதான்டா கத்துது" என்றார். என் நோட்டில் இல்லாத சாட்சி அவர் காதில் இருந்தது.

ரிலீஸ் பேரிங்தான். அதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆனால் பிரிக்க வேண்டாம். அதே மெக்கானிக்கிடம் போனோம். "மிதிச்சுக் காட்டுங்க" என்றார். காட்டினோம், ஒத்துக்கொண்டார். இறக்கிப் பார்த்தால் கிளட்ச் பிளேட்டும் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினோம். அப்படியும் செலவு அவர் முதலில் சொன்னதில் பாதிதான்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் அப்பாவின் இடது கால் எப்போதும் பெடல் மேலேயே இருக்கும். கால் கனம் பட்டாலே பேரிங் ஓய்வில்லாமல் சுற்றித் தேயும். எங்கள் எல்லோருக்கும் சோறு போட்ட அந்தக் காலைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா?

"சிக்னல்ல நியூட்ரல் பண்ணிட்டு காலை எடுத்துடுங்கப்பா. பேரிங்குக்கு ரெஸ்ட்டு."

கொஞ்சம் யோசித்தார். "காலுக்கும்தான்டா" என்றார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளை எந்த வண்டி சத்தம் போட்டாலும், ஸ்பேனரை எடுக்கும் முன் பெடலை மிதித்துக் கேளுங்கள். அதை ஓட்டுகிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.