மலையடிவாரத்தில் பருவந்தோறும் ஒரு யாத்திரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதில்போல் எழுந்து நிற்கிறது. அம்மலையின் நிழலில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். பெரியாழ்வாரும் ஆண்டாள் நாச்சியாரும் அவதரித்த திவ்ய தேசம் ஒன்று. பஞ்சாலைகளும் மாந்தோப்புகளும் நிறைந்த ஊர் மற்றொன்று. வெளியூர் அன்பர்கள் பலர் 11 நிலை ராஜகோபுரத்தைத் தரிசித்து, வடபத்ரசாயியையும் நாச்சியாரையும் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு அன்றே திரும்பிவிடுகின்றனர். இப்பகுதியின் தெய்வங்களோ ஊருக்குள் மட்டும் எழுந்தருளியிருக்கவில்லை. சதுரகிரியில் சுந்தர மகாலிங்கம், செண்பகத்தோப்புக்கு அப்பால் காட்டழகர், ராஜபாளையத்துக்கு மேற்கே நீர் காத்த அய்யனார் எனக் காட்டினுள்ளும் கோயில் கொண்டிருக்கின்றனர். இவர்களை நாடிச் செல்வதற்குப் பருவத்துக்கு ஒரு வழி உண்டு. அவ்வழிக்கென ஒரு நியமமும் உண்டு.

ஆடியும் புரட்டாசியும்

ஆடி பிறந்தால் மலைமுகடுகளில் மேகம் கவியும். மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, இந்தப் பக்கம் சாரலாகவும் காற்றாகவுமே வந்து சேரும். அந்தக் காற்றிடையேதான் ஆடிப்பூரத்தன்று நாச்சியாரின் பெருந்தேர் அசைந்து வரும். அதே மாதத்து அமாவாசையில் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு அடியார்கள் திரளாக மலையேறுவர். சித்தர்கள் இன்றும் அரூபமாய் உலவும் மலை என்பது அடியார்களின் நம்பிக்கை. பாறையும் ஓடையும் மாறிமாறி வரும் கடினமான பாதை அது. முழங்கால் வலியுள்ளவர்களும் இதய நோயுள்ளவர்களும் அதனை மேற்கொள்வது உசிதமன்று.

புரட்டாசியில் முதியோர்க்கு எளிய தலம் ஒன்று காத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலேயே உள்ள திருவண்ணாமலை என்னும் குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். சுற்றுவட்டாரத்தார் தென் திருப்பதி என்று போற்றும் இத்தலத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைகள் சிறப்பானவை. திருமலையில் பிரம்மோற்சவம் நடைபெறும்போது ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அங்கே செல்வதும் வழக்கம். சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்கும் இவ்வாறே மாலை அனுப்பப்படுகிறது.

ஐப்பசி, கார்த்திகை

இப்பகுதியின் கண்மாய்களை நிரப்புவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையே. கிழக்கே வங்கக் கடலில் முகந்த நீரை மேகம் இந்த மலையில் வந்து சொரிகிறது. மேகம் கடலுள் புகுந்து நீர் முகந்து, உலகம் வாழப் பெய்ய வேண்டும் என்று திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் நாச்சியார் வேண்டுகிறார். அவ்வேண்டுதல் பலிப்பதைக் கண்ணாரக் காண ஐப்பசி, கார்த்திகையில் ராஜபாளையத்துக்கு வர வேண்டும்.

நகருக்கு மேற்கே அய்யனார் அருவி வீழும் ஓடைக்கரையில் நீர் காத்த அய்யனார் கோயில் உள்ளது. இங்கிருந்து இறங்கும் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ராஜபாளையம் நகருக்குக் குடிநீராகிறது. ஊர் பருகும் நீரின் தலைவாயிலில் கோயில் கொண்ட தெய்வத்துக்கு இதனினும் பொருத்தமான திருநாமம் அமையாது. அருவியில் நீராடுவோர் சோப்பும் எண்ணெயும் கலப்பதும், பழந்துணிகளை ஓடையில் விட்டுச் செல்வதும் அந்தத் திருநாமத்துக்கே அடாத செயல்கள். அந்நீரைத்தான் மறுநாள் ஊரிலுள்ள குழந்தைகள் பருகப் போகின்றனர்.

மழைக்காலத்து ஓடைக்கு இன்னொரு முகமும் உண்டு. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையுச்சியில் பெய்த மழை அறியாமலே திரண்டு, சில நிமிடங்களில் ஓடையை வெள்ளமாக்கிவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரியில் இத்தகைய திடீர் வெள்ளத்தில் அடியார்கள் சிலர் உயிரிழந்தனர். கோடையிலும் அது நேரும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. ஓடையில் நீரின் நிறம் கலங்கத் தொடங்கினாலே கரையேறிவிட வேண்டும். மறுகரையில் சந்நிதி தெரிந்தாலும் கடக்கத் துணியலாகாது.

மார்கழி, தை

மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழியும் தையும் நடைக்கு உகந்த மாதங்கள். மார்கழி நீராட்டு உற்சவத்தில் திருமுக்குளக் கரை மண்டபத்தில் நாச்சியாருக்கு எண்ணெய்க் காப்பு நடைபெறும். அக்காலத்தில் நிறைந்த கண்மாய்களில் கொக்கும் நாரையும் வந்திறங்கும். காலை ஏழு மணிக்குக் கண்மாய்க் கரையில் சிறிது தூரம் நடந்தாலே போதும், பறவைகளின் ஆரவாரம் காதை நிறைக்கும்.

செண்பகத்தோப்பின் மலையடிவாரத்துக்கும் இதுவே நல்ல காலம். இங்கு வாழும் சாம்பல் நிற அணிலுக்காகவே 1988ஆம் ஆண்டு சரணாலயம் அமைந்தது. தலை முதல் வால் நுனி வரை இரண்டடிக்கு மேலும் வளரும் இவ்வணில், தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுவது. வீட்டு முற்றத்து அணிலைப்போல் இது தரையில் ஓடியாடுவதில்லை. உயர்ந்த மரக்கிளையில் இலைகளால் கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிக்கிறது. மரமும் மரமும் கைகோத்து நின்றால்தான் அதற்கு வழி. நடுவே நான்கு மரங்கள் வீழ்ந்தால், அதன் ஊருக்குள் ஒரு தெருவே அறுந்துபோகிறது. அணிலைக் காண விழைவோர் மரத்தடியில் பேசாது நின்று அண்ணாந்து நோக்க வேண்டும். கைதட்டி அழைத்தால் அது இலைமறைவில் ஒடுங்கிவிடும்.

இச்சரணாலயமும் மேகமலைக் காடுகளும் இணைந்து 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துடன் இது தொடர்ந்து கிடப்பதால் யானைகள் இரு மாநிலக் காடுகளிலும் உலவுகின்றன. உயர்ந்த பாறைச் சரிவுகளில் வரையாடும், அடர்ந்த சோலைகளில் சிங்கவால் குரங்கும், காட்டுமாடும் கடமானும் இங்கு வாழ்கின்றன. தலைமுறை தலைமுறையாக இக்காட்டின் தேனும் கிழங்கும் அறிந்த பளியர் இன மக்களின் குடியிருப்புகளும் அடிவாரத்தில் உள்ளன.

பங்குனி முதல் வைகாசி வரை

பங்குனி உத்திரத்தில் ஆண்டாள், ரெங்கமன்னார் திருக்கல்யாணம். ஊர் மணக்கோலம் பூண்டிருக்கும் அந்நாள்களில் காடு காய்ந்து சருகாகிக் கிடக்கும். ஒரு கற்பூரத் துண்டோ, அணையாத விறகுக் கொள்ளியோ மலைச்சரிவையே எரித்துவிடக்கூடும். வனத்துறை மலைப்பாதைகளை மூடுவதும் இக்காலத்தில்தான். அவ்வேளையில் யாத்திரையை ஊரளவில் நிறுத்திக்கொள்வதே முறை. திருக்கல்யாணத்தைச் சேவித்து, மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமியையும் தரிசித்தால் அந்நாள் நிறைவுபெறும்.

காட்டின் நியமம்

“சுவாமியைத் தரிசிக்கவும் அனுமதியா?” என்று மனம் நோகும் அன்பர்கள் உளர். தலைமுறைகளாகக் குடும்பத்தோடு சென்று பொங்கலிட்டு வந்தவர்களுக்கு அந்த வருத்தம் இயல்பே. ஆயினும் கருவறையை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லா வேளையிலும் நடை திறந்திருப்பதில்லை. அர்த்தசாமத்துக்குப் பின் பக்தரே ஆனாலும் உள்ளே செல்வதில்லை. அதனை எவரும் குறையாகக் கொள்வதில்லை. காட்டுக்கும் அத்தகைய நடைசாத்தல் உண்டு. மாலை சாய்ந்தபின் பாதை யானைக்கும் கரடிக்கும் உரியதாகிறது. வறண்ட காலத்தில் எஞ்சிய ஓடைநீர் அவற்றின் உயிர்நீராகிறது.

செல்லும் நாளில் கடைப்பிடிக்க வேண்டியவை மிகச் சில. நெகிழிப் பைகளை எடுத்துச் செல்லலாகாது. உணவின் உப்பும் மணமும் ஒட்டிய பையைக் கடமான் தின்று குடலடைத்து மடிகிறது. குரங்குக்கு உணவிடுவதைப் புண்ணியமெனக் கருதிப் பலர் செய்கின்றனர். அதனால் அது காட்டுக்கனியை மறந்து மனிதர் கைப்பையைப் பறிக்கக் கற்கிறது. தீபம் ஏற்றுவோர் சந்நிதியில் குறிக்கப்பட்ட இடத்திலேயே ஏற்றி, அது தணிந்தபின் புறப்பட வேண்டும். காட்டழகர் கோயிலுக்கும் சதுரகிரிக்கும் செல்ல விரும்புவோர், வனத்துறை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே கேட்டறிந்து புறப்படுதல் நலம்.

மலையேற இயலாத முதியோர் மனம் தளர வேண்டியதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுமே விருதுநகர், தென்காசி ரயில் பாதையில் உள்ள நிலையங்கள். காலையில் வந்திறங்கி இரு ஊர்க் கோயில்களையும் தரிசித்து, அடிவாரம் வரை வண்டியில் சென்று, மலை நோக்கிக் கைகூப்பி மாலைக்குள் திரும்பிவிடலாம். பெரியாழ்வார் நாச்சியாரைக் கண்டெடுத்தது மலையுச்சியில் அன்று. தம் கையால் துளசி வளர்த்த நந்தவனத்தில். அந்நந்தவனம் இன்றும் கோயிலருகே பசுமையாய் இருக்கிறது. நாச்சியாரின் திருக்கரத்துக் கிளியும் மாதுளம்பூ, மரவள்ளி இலை, நந்தியாவட்டை இலை முதலியவற்றால் நாள்தோறும் புதிதாகச் செய்து சாத்தப்படுகிறது. இலையும் பூவும் தழைத்தால்தான் அந்தக் கைங்கரியம் நாளையும் நடக்கும். மழை பெய்தால்தான் இலையும் பூவும் தழைக்கும்; பெய்த மழையைக் காடுதான் தேக்கித் தரும். அடிவாரத்தில் நின்று தொழுகிறவர் அந்தக் காட்டையும் சேர்த்தே தொழுகிறார்.