கார் வாங்கின கதை

கார் வாங்குவது பணக்காரர்கள் செய்யும் காரியம் என்றே இருபத்தேழு வயது வரை நான் நம்பியிருந்தேன். நம் சங்கத்து நண்பர்களில் பலரும் அப்படியே நம்புகிறார்கள் போலும். சென்ற தை மாதம் நான் ஒரு காரை ஓட்டிக்கொண்டு விடுதி வாசலில் வந்து இறங்கியபோது, "யாருடைய வண்டி இது?" என்று கேட்டார்களே தவிர, "உன் வண்டியா?" என்று ஒருவராவது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

அப்பா காலமான பிறகு அம்மாவைக் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தனியே விட்டு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுதியை விட்டு, முனிர்க்காவில் கீழ்த்தளத்தில் இரண்டு சிறு அறைகளை வாடகைக்கு எடுத்து, அம்மாவை அழைத்து வந்தேன். செங்கோட்டையைக் காட்டினேன்; "பெரிய கோட்டைதான்" என்றாள். குதுப்மினாரைக் காட்டினேன், "உயரமாத்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். முருங்கைக்காயும், வாழைப்பூவும், கறிவேப்பிலையும், நெத்திலியும், வாழையிலைக் கட்டும் கண்ணில் பட்டதும், தில்லிக்கு வந்த பிறகு முதன்முறையாக அம்மாவின் முகம் மலர்ந்தது. தேங்காய்க் கடை அண்ணாச்சி தமிழில் விலை சொன்னதும் அது சிரிப்பாகவே மாறிவிட்டது.

மார்க்கெட்டின் பெயரைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள், பெண்கள் உட்பட, சேர்ந்த படை அது. இதை நான் பெருமையோடு விளக்கியபோது அம்மா, "அதனாலதான் நம்ம காய் எல்லாம் இங்கே கிடைக்குது" என்று முடித்துவிட்டாள். சரித்திர ஆராய்ச்சி மாணவனான நான் அதை மறுக்கத் துணியவில்லை. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐ.என்.ஏ. என்று ஆயிற்று.

மார்கழி பிறந்தது. தில்லியின் மார்கழி நம் ஊர் மார்கழி அன்று. விடியற்காலையில் வெப்பம் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். எதிர் வீடு தெரியாதபடி மூடுபனி கவியும். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. ஆட்டோவில் இருபுறமும் காற்று புகுந்து முழங்காலைக் குத்தியது. மெட்ரோவில் போனோம். முனிர்க்காவில் ஏறி, ஹௌஸ் காஸில் இறங்கி, மஞ்சள் வழிக்கு மாற நெடுந்தூரம் நடக்க வேண்டும். அம்மா நடுவழியில் இருமுறை நின்றாள். வாடகைக் காரில் ஒருநாள் போனோம், இறங்கியதும் "எவ்வளவுடா?" என்று கேட்டாள், நான் சொன்ன நாளிலிருந்து அதில் ஏற மறுத்துவிட்டாள். இரண்டு ஞாயிறுகள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. மூன்றாவது ஞாயிறு, "தை பிறந்ததும் என்னை ரயிலேத்தி விட்டுரு, ராசா. இங்கே சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கிறதுக்கு அங்கே வேப்பமரத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். அன்றிரவுதான் எனக்குக் கார் ஆசை பிறந்தது.

எந்திரவியல் படிக்கும் நண்பர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் நூற்றிருபது குதிரைத் திறன் உள்ள பெரிய வண்டிகளின் பெயர்களாக அடுக்கினார். என் கையிருப்பு நாற்பதாயிரம் ரூபாய் என்றதும் அவருடைய குதிரைகள் எல்லாம் லாயத்துக்குத் திரும்பிவிட்டன. நிற்க. பணம் இருந்தாலும் நான் அவற்றை வாங்கியிருக்கமாட்டேன். மூடுபனியில் நூறு குதிரையும் ஒன்றுதான், முப்பது குதிரையும் ஒன்றுதான். முன்னே போகிறவனுடைய சிவப்பு விளக்குத் தெரியும் வேகத்துக்கு மேல் யாரும் போக முடியாது, போகவும் கூடாது. குளிர்கால வண்டிக்கு வேண்டியவை வேறு: நன்றாக அடைபடும் கதவு, வெப்பக் காற்று விடும் ஹீட்டர், தேயாத டயர், உயிருள்ள பாட்டரி, நேராக விழும் விளக்கு. எனக்கு இன்னும் ஒன்று வேண்டும்: முழங்காலை அதிகம் மடக்காமல் ஏறி இறங்கக்கூடிய இருக்கை.

முதலில் மாருதி 800-ஐ நினைத்தேன். அது தில்லியின் சொந்தப் பிள்ளை. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி, முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையால் பெற்றுக்கொண்ட ஹர்பால் சிங், ஐ.என்.ஏ.க்குப் பக்கத்திலுள்ள கிரீன் பார்க்வாசி. ஆனால் 2010 ஏப்ரலில் பாரத் 4 விதி வந்தபோதே தில்லி முதலான 13 நகரங்களில் 800-இன் விற்பனை நின்றுவிட்டது. ஆகவே தில்லியில் விற்ற கடைசி 800-க்கும் பதினைந்து வயது கடந்தாயிற்று. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி தலைநகரில் ஓடலாகாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அந்த விதியில் மாற்றங்கள் வந்தன என்றாலும், நாளை என்ன உத்தரவு வருமோ என்று அஞ்சி வாழும் கிழவண்டி எனக்கு வேண்டாம். அன்றியும், காற்று மிகவும் கெடும் நாட்களில் பாரத் 3 பெட்ரோல் கார்களையும் பாரத் 4 டீசல் கார்களையும் தடுத்து நிறுத்துகிறார்கள். எனவே 2010-க்குப் பிறகு தில்லியில் பதிவான பெட்ரோல் வண்டியே எனக்கு ஏற்றது என்று தெளிந்தேன்.

இந்த ஆராய்ச்சி முடிவைத் தேங்காய்க் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம வண்டியைப் பாருங்க" என்று வெளியே அழைத்துப் போனார். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு டாட்டா நானோ நின்றது. 2014-ஆம் ஆண்டு வண்டி. விலை ஐம்பத்தையாயிரம் சொன்னார்.

நானோவை நீங்கள் அறிவீர்கள். 2008 ஜனவரியில் இதே தில்லி மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் முகம் காட்டியது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் குடும்பமே நனைந்து போவதைக் கண்டு ரத்தன் டாட்டா நினைத்த வண்டி. 624 சி.சி., இரண்டே சிலிண்டர், முப்பத்தெட்டுக் குதிரை. எஞ்சின் பின்னால், மாற்றுச் சக்கரம் முன்னால். நீளம் 3.1 மீட்டர்தான்; முனிர்க்காச் சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. 2018-ஓடு அதன் உற்பத்தி நின்று போயிற்று.

குறையையும் சொல்ல வேண்டும். 2014-இல் குளோபல் என்காப் என்ற அமைப்பு, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது நானோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதில் காற்றுப் பையும் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அம்மாவை ஏற்றிச் செல்லும் வண்டி அல்லவா? முடிவில் எனக்கு நானே மூன்று சட்டங்கள் விதித்துக்கொண்டேன்: நகரத்துக்குள் மட்டும் ஓட்டுவது, நாற்பதைத் தாண்டுவதில்லை, பெல்ட் இல்லாமல் வண்டி நகராது. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ரயில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு காலை, நல்ல மூடுபனியில், வண்டியைச் சோதித்தோம். வேண்டுமென்றே எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். சூடான எஞ்சினை யாரும் கிளப்பிவிடலாம். முதல் திருப்பிலேயே கிளம்பியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. இரண்டு டயர்களுக்கு வயதாகிவிட்டது; அதற்காக மூவாயிரம் குறைத்தார் அண்ணாச்சி. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயரில் ஏறத்தாழ 2 பவுண்டு காற்றழுத்தம் குறையும் என்பதால் அதையும் சரி பார்த்தோம். கண்ணாடி உட்புறம் வேர்த்தது. ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டேன். ஏ.சி. ஈரத்தை இழுத்துக்கொள்ள, சிறிது நேரத்தில் கண்ணாடி தெளிந்தது. விளக்கைத் தாழ்த்தியே வைத்தேன். உயர்த்தினால் பனியில் பட்டு ஒளி நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும்.

இவை எல்லாம் என் சோதனைகள். அம்மாவின் சோதனை ஒன்றுதான். கதவைத் திறந்து, புடவையை ஒதுக்கி, ஒரு முனகல் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். "ஆட்டோவுக்குக் கதவு வச்ச மாதிரில்ல இருக்கு!" என்றாள். பிறகு ஹீட்டரின் அருகே முழங்காலை நகர்த்திக்கொண்டு, வழி நெடுக ஒன்றும் பேசாமல் வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். பன்னிரண்டாயிரம் ரூபாய். ஊர் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றவென்று அவள் சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணம்.

"ஓடு மாத்தணும்னு சொன்னியே அம்மா?"

"யார் இருக்கப் போறா அங்கே, ஓடு மாத்த?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்துவிட்டன. புதிய அனுபவங்களும் சேர்ந்தன. நானோவின் பின்புறம், சாமான் வைக்கும் பலகைக்குக் கீழே எஞ்சின் இருப்பதால் அவ்விடம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். முதல் வாரம் இதறியாமல் மீனை அங்கே வைத்து, ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ஆனால் தில்லிக் குளிரில் கல்லாக உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை அங்கே வைத்தால், வீடு வருவதற்குள் உருகிவிடுகிறது! அம்மாவுக்கு இதில் அடங்காத வியப்பு. தெரிந்தவர்களிடமெல்லாம் எங்கள் காரின் சிறப்பாக இதைத்தான் சொல்கிறாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கினோம். கரும்பு வண்டியை விட நீளம். வெட்டிக் கொடுக்கட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். முழுக் கரும்புதான் வேண்டும் என்றாள் அம்மா. சன்னல் கண்ணாடியை இறக்கி, தோகை வெளியே ஆட, முழங்காலுக்குச் சால்வை போர்த்திக்கொண்டு, கரும்பை இரு கையாலும் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருக்க, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ரிங் ரோட்டில் வந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

"எதுக்குடா இத்தனை பேர் கூப்பிடுறாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்றாங்க அம்மா" என்றேன்.