மூணு கலர் சிக்னல்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, மாஸ் எஃபெக்ட் விளையாடற ஐடியா இருக்கறவங்க இத்தோட எஸ்கேப் ஆகிடுங்க. கதையோட முடிவு உள்ளே இருக்கு.

சென்ட்ரலுக்கு ரயில்ல வந்தவங்களுக்கு பேசின் பிரிட்ஜைத் தெரியாம இருக்காது. ராத்திரி பூரா பறந்து வந்த வண்டி, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்கற இடத்துல அப்படியே நின்னுடும். எல்லாரும் பெட்டியை இறக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. சிக்னல் விழாது. அப்பா அந்த யார்டுலதான் வேலை பார்த்தார். நான் வளர்ந்தது பக்கத்துலயே, ரயில்வே குவார்ட்டர்ஸ்ல.

மூணாம் பாகத்தோட கடைசி மிஷன் முன்னாடி நானும் அப்படித்தான் ரெண்டு மாசம் நின்னேன்.

தெரியாதவங்களுக்கு: பயோவேர் கம்பெனி 2007, 2010, 2012னு மூணு பாகமா விட்ட விண்வெளிக் கதை. நாமதான் கமாண்டர் ஷெப்பர்ட். முதல் பாகத்துல எடுத்த முடிவு மூணாம் பாகம் வரைக்கும் துரத்தும். காலேஜ்ல முதல் தடவை ஆடினப்போ ரெண்டாம் பாகத்துல பண்ண சொதப்பலுக்கு மூணாம் பாகத்துல டாலி மலை உச்சியில இருந்து குதிச்சுட்டா. சொந்த கிரகத்தை 300 வருஷம் முன்னாடி இழந்துட்டு கப்பல்லயே வாழற கூட்டத்துப் பொண்ணு. அன்னிக்கு மூடி வெச்சவன்தான்.

2021ல மூணு பாகமும் சேர்த்து லெஜண்டரி எடிஷன் வந்துச்சு. அதை வாங்கி திரும்ப ஆரம்பிச்சேன். ரிட்டயர் ஆன அப்பா பின்னாடி கட்டில்ல உக்காந்து பார்ப்பார். இந்தத் தடவை டாலி கூட்டத்துக்கும் கெத் ரோபோக்களுக்கும் சமாதானம் பண்ணி வெச்சேன். டாலி தன் மண்ணுல வீடு கட்ட இடம் பார்த்தா. அப்பா எதுவும் சொல்லல. எங்களுக்கும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி லெட்டர் வந்திருந்த நேரம் அது.

கடைசி மிஷனை ஏன் தள்ளிப் போட்டேன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

கடைசியில மூணு வழி. சிகப்பு, நீலம், பச்சை. 2012ல இதுக்குத்தான் உலகம் பூரா சண்டை. அத்தனை முடிவு எடுக்க வெச்சுட்டு, கடைசியில கலர் மட்டும்தான் வித்தியாசமான்னு கடுப்பான ரசிகர்கள் மூணு கலர்ல கப்கேக் வாங்கி பயோவேருக்கே அனுப்பினாங்க. கலர் வேற, ருசி ஒண்ணு! அந்த ஜூன்லயே முடிவை நீட்டி இலவசமா ஒரு அப்டேட் விட்டாங்க.

இதை அப்பாகிட்ட சொன்னேன். "பொன்னியின் செல்வனுக்கும் இதேதான்டா"ன்னார். நிஜம்தான். 1950ல இருந்து 54 வரைக்கும் தொடரா வந்த கதை. முடிஞ்சதும் அவங்க என்ன ஆனாங்க, இவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர்கள் கேட்க, கல்கி தனியா முடிவுரை எழுதி பதில் சொன்னார்.

"சரி, எந்த கலர்ப்பா?"

"சிகப்புன்னா என்ன?"

"எதிரி காலி. ஆனா கெத்தும் சேர்ந்து செத்துடும்."

"சமாதானம் பண்ணி வெச்சுட்டு நீயே கொல்லுவியா? சிக்னல்ல நீலம்னு ஒண்ணு கிடையாது. பச்சை விழுந்தா வண்டியை எடு."

எடுத்தேன். எல்லாரும் பொழைச்சாங்க, ஷெப்பர்ட் மட்டும் திரும்பல. கப்பல் சுவத்துல அவர் பேரை மாட்டினாங்க. நீட்டின முடிவு நல்லாத்தான் இருந்துச்சு. எத்தனை விளக்கம் குடுத்தாலும் முடிஞ்சது முடிஞ்சதுதாங்கறது வேற விஷயம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை குவார்ட்டர்ஸைக் காலி பண்ணோம். வாசக்கதவுல இருந்த தன் பேர்ப்பலகையை அப்பாவே கழட்டினார். நான் ஸ்க்ரூவை வாங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

டிஸ்கி: புது வீட்டுல இன்னும் அந்தப் பலகையை மாட்டல. ஸ்க்ரூ என்கிட்டதான் இருக்கு.