எதிர் இருக்கை ஆல்பம்

விழுப்புரம் சந்திப்பில் பயணிகள் ரயில் இன்னும் புறப்படவில்லை. எதிர் இருக்கையில் அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஒரு பெரியவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடக்கிறது ஒரு தடித்த அஞ்சல்தலை ஆல்பம்.

"கட்டபொம்மனைத் தியாகிங்க பக்கத்துல வை பாப்பா. வ.உ.சி.யும் அங்கதான்."

"ரெண்டு பேரும் சிவாஜி பக்கம் தாத்தா."

'எங்க ஊர்க்காரர்' என்று ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதிய பக்கம் அது. நடுவில், 2001 அக்டோபர் 1 அன்று வெளியான நடிகர் திலகத்தின் அஞ்சல்தலை. 1928இல் விழுப்புரத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். திரையில் அவர் ஏற்ற வேடங்கள் இரண்டு பக்கமும்: இடப்பக்கம் 1999இல் வந்த கட்டபொம்மன், வலப்பக்கம் 1972இல் வந்த வ.உ.சி. மேலே 1961இல் வந்த மராட்டிய மன்னர் சிவாஜி. அந்த மன்னராக அண்ணாவின் நாடகத்தில் நடித்துத்தான் வி.சி.கணேசன், சிவாஜி கணேசன் ஆனார். ஆகவே 1970இன் அண்ணாவும் அங்கே இருக்கிறார். அந்தப் பெயரைச் சூட்டிய பெரியாரும் (1978) இருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் ஒரு வரி. வண்டி நகர்ந்து முண்டியம்பாக்கம் வருவதற்குள் எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்து முடித்துவிட்டேன்.

ஆண்டு வரிசையில் அடுக்குவதும், நாடு வாரியாக அடுக்குவதும் எல்லோரும் செய்வது. பறவை, பூ, ரயில் என்று ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. ஒரு மனிதரின் வாழ்க்கையை மற்றவர்களின் தலைகளைக் கொண்டு சொல்லலாம் என்பது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியதோ! என் கட்சி பேத்தி கட்சிதான்.

பெரியவரின் ரசனை வேறு. ரயிலில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரயிலின் தபால் பெட்டியில் நின்றபடி கடிதம் பிரித்த காலத்து ஆள். அவருக்குத் தலை முக்கியமில்லை, முத்திரைதான் முக்கியம். ஊர்ப்பெயரும் தேதியும் வட்டம் கெடாமல் விழுந்திருக்க வேண்டும். உறையிலிருந்து தலையைக் கத்தரித்து நீரில் ஊறவைத்து உரிப்பது அவர் கணக்கில் பாவம். முத்திரையில் பாதி போய்விடும். முழு உறையாகவே வைத்திருக்கிறார். ரயில் பெட்டியில் குத்தியவற்றில் ஊருக்குப் பதிலாகப் பிரிவின் எண்ணும் 'செட்' எண்ணும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் காட்டி, எந்த வண்டி, எந்த ராத்திரி என்று சொல்லிக்கொண்டே போகிறார். பேத்தி ஜன்னலைப் பார்க்கிறாள். பலமுறை கேட்ட கதையாக இருக்கும்.

"இப்ப எங்க? பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிடறான். ரிஜிஸ்டர் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க." 2025இல் அது நடந்தது. வீட்டுச் சாவு போலச் சொல்கிறார்.

விக்கிரவாண்டியில் சுண்டல்காரர் ஏறினார். ஆல்பம் உடனே மூடப்பட்டது. எண்ணெய்க் கை பட்டால் தலை கெட்டது. தின்று முடித்து, கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்த பிறகே மீண்டும் திறந்தார்கள். இடுக்கி பேத்தியிடம்.

ஓரத்தில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் வித்தா எவ்ளோ சார் வரும்?"

"நாம ரெண்டு பேரும் டீ குடிக்கலாம். பன்னு வேணும்னா உங்க காசு."

உண்மைதான். லட்சக்கணக்கில் அச்சாகி, ஒட்டி அனுப்பப்பட்ட தலைகளுக்கு விலை இல்லை. லாபம் தேடுவோர் வேறு பொழுதுபோக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேரணி தாண்டியதும் புதுச்சேரிப் பக்கம் திறந்தது. பிரம்மா உருவத்தோடு 1914இல் பிரெஞ்சு இந்தியாவுக்கு வந்த தலை. 1923 முதல் பிராங்கு போய், பணமும் காசும் அச்சான தலைகள். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பக்கத்து ஊரே ஒரு காலத்தில் வெளிநாடாக இருந்திருக்கிறது. இன்றோ விழுப்புரத்தின் 605602, புதுச்சேரியின் 605001 இரண்டுக்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றே. இதை அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாளாம். தாத்தா பெருமையோடு ஓரத்துக்காரரிடம் சொன்னார்.

"செஞ்சிக் கோட்டை இருக்குதா பாப்பா?" என்றார் ஓரத்துக்காரர்.

உதட்டைப் பிதுக்கினாள். 1984இல் வந்த கோட்டை வரிசையில் குவாலியர், வேலூர், சிங்ககட், ஜோத்பூர் நான்கும் உண்டு, செஞ்சி இல்லை. சிவாஜி மன்னர் 1677இல் பிடித்த கோட்டை. அவள் பக்கத்துக்கு அவசியம் வேண்டும்.

"படம் வெட்டி ஒட்டிடட்டா?"

"ஒட்டினா அது ஆல்பம் இல்ல, பள்ளிக்கூட சார்ட்டு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தாத்தாவே வழி சொன்னார். ஐம்பது பைசா போஸ்ட் கார்டு ஒன்று வாங்கு. சிவாஜி தலை ஒன்றை அதில் ஒட்டு. செஞ்சித் தபாலாபீசுக்கே போய், தெளிவாக ஒரு முத்திரை குத்தித் தரச் சொல். உனக்கே முகவரி எழுதிப் போடு.

சிவாஜி பக்கத்துக்குள் தாத்தாவின் முத்திரை இப்படி நுழைந்துவிட்டது. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மயிலம் வந்தபோது பேச்சு உதவித்தொகைக்குத் திரும்பியது. அஞ்சல்தலை சேகரிக்கும் 6 முதல் 9ஆம் வகுப்பு மாணவர்களுக்கு, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டம் 2017 முதல் இருக்கிறது. பள்ளியில் சேகரிப்போர் மன்றம் வேண்டும். இல்லையென்றால் தபால் துறையில் 200 ரூபாய் கட்டி, புதிய தலைகள் வீடு தேடி வரும் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருக்க வேண்டும். வினாடி வினாத் தேர்வும் உண்டு. "பரீட்சை வெச்சா இதுக்கும் டியூஷன் வந்துடும்" என்று பெரியவர் முனகினார். அந்த முனகல் நியாயமானது. ஆனாலும் விண்ணப்பம் அவர் பையில்தான் இருந்தது.

திண்டிவனம் நெருங்க, அவள் கடைசித் தாளைத் திருப்பினாள். தலைப்பு: 'அத்தை ஊர்'. நடுவில் 2010இல் வந்த ஓமந்தூரார் தலை. சுற்றிலும் வெறும் தாள். இந்தப் பக்கத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று தாத்தாவைக் கேட்டுக்கொண்டே இறங்கிப் போனாள்.

எதிரில் இருந்தவன் வாயைத் திறக்கவில்லை; இங்கே சொல்லிவிடுகிறேன். தேசியக் கொடி பறக்கும் மூன்றரை அணாத் தலையைத் தேடு பாப்பா. சுதந்திர இந்தியாவின் முதல் அஞ்சல்தலை அது. 1947 நவம்பர் 21 அன்று அது வெளியானபோது சென்னை மாகாணத்தின் முதல்வர், உன் அத்தை ஊருக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார்தான்.