பெயர் ஒன்று, ஆள் வேறு

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்னும் பாடத்தை 20 ஆண்டுகளாக மதரஸாப் பிள்ளைகளுக்கு நடத்தி வருகிறேன். அந்தச் சலுகை எனக்கே தேவைப்பட்டபோது அதை ஏற்க மனம் இடங்கொடுக்கவில்லை. அதனால் பட்ட துன்பத்தையும், அதற்குக் காரணமான என் அரைகுறை அறிவையும் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். இந்நோயை வெளியில் சொல்ல வெட்கி வீட்டுக்குள்ளேயே வாடுவோர் நம்மிடையே இருக்கக்கூடும்.

பெருங்குடலின் உட்சுவர் அழற்சியுற்றுப் புண்ணாகி, இரத்தமும் சளியுமாய்ப் போகும் நோய் எனக்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது மருத்துவர் வழங்கும் பெயர். ஒரு பாடம் முடிவதற்குள் மூன்று முறை எழுந்தோட வேண்டியிருந்தது. தக்பீர் கட்டினால் ஸலாம் கொடுக்கும் வரை ஒளு நிற்குமா என்ற அச்சத்தில் இமாமத்தையும் வேறொருவரிடம் ஒப்படைத்தேன். மூலம் என்றெண்ணி ஓராண்டை வீணாக்கிய பின்னரே குடல்நோய் மருத்துவரிடம் சென்றேன். அவர் குழாய் செலுத்திப் பார்த்து, மெசலமைன் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை உண்ணச் சொன்னார். குடற்சுவரின் அழற்சியை அடக்கும் மருந்து அது. "குணமாகிவிட்டது போலத் தோன்றும். அப்போதும் நிறுத்திவிடாதீர்கள்" என்று எச்சரிக்கவும் செய்தார்.

அல்ஹம்துலில்லாஹ், சில மாதங்களில் தேறினேன். அந்நாளில் என் மச்சான், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் பொடியை வாங்கி வந்தார். மாத்திரையோடு அதையும் சேர்த்துக்கொள்ள மருத்துவர் இசைந்தார். நான் சும்மா இருந்தேனா? கலைப் பட்டதாரிக்கே உரிய துணிச்சலுடன் இதைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

முதல் உலகப் போரின்போது, 1917 ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் நிஸ்லே என்னும் மருத்துவர் ஒரு போர்வீரரைக் கண்டார். உடனிருந்தோரெல்லாம் வயிற்றுக்கடுப்பில் வீழ்ந்திருக்க, அவர் மட்டும் நலமாயிருந்தார். அவருடைய குடலிலிருந்து பிரித்தெடுத்த எஷெரிக்கியா கோலை வகை இன்றும் நிஸ்லே பெயராலேயே மருந்தாக வழங்குகிறது. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் தணிந்திருந்த 327 பேரை ஓராண்டு கவனித்தனர். மெசலமைன் உண்டவரில் 100க்கு 34 பேருக்கும், நிஸ்லே நுண்ணுயிரை உண்டவரில் 36 பேருக்கும் நோய் திரும்பியது. இரண்டும் ஏறத்தாழச் சமம்!

ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று வேளை மாத்திரை நோன்புக்கு இடையூறு. பொடியோ ஸஹரில் ஒருமுறை போதும். எவரிடமும் கேளாமல் மாத்திரையை நிறுத்தினேன். 17 ஆம் நோன்பன்று இரத்தம் போகத் தொடங்கியது. அஸருக்குள் மயங்கி விழுந்தேன். மருத்துவமனையில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. பொடியின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், நீங்கள் படித்த நுண்ணுயிர் இதில் இல்லையே" என்றார். வெட்கித் தலைகுனிந்தேன். ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் சுஃப்யான் என்று வந்தால், அவர் ஸவ்ரீயா, இப்னு உயைனாவா என்று ஆராயாமல் மேலே செல்லாதே எனப் பிள்ளைகளைக் கண்டிப்பவன் நான். இங்கு மட்டும் எல்லா நுண்ணுயிரையும் ஒருவராக்கிவிட்டேன். குடிநீரில் கண்டால் அந்நீரை விலக்கச் சொல்லும் எஷெரிக்கியா கோலை இனத்தில்தான் நிஸ்லேயின் நல்லதும் இருக்கிறது. வீட்டுத் தயிரிலுள்ளது வேறு, பொட்டலத்திலுள்ளது வேறு. அரை வைத்தியனால் உயிருக்கு ஆபத்து, அரை முல்லாவால் ஈமானுக்கு ஆபத்து என்பார்கள் உருதுக்காரர்கள். அன்று நான் இருவருமாக இருந்தேன்.

அப்படியானால் பொடி பயனற்றதா? அதுவும் இல்லை. இத்தாலியில் 144 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்தை நிறுத்தாமல், எட்டு வகை நுண்ணுயிர்கள் கலந்த பொடியை அதனோடு சேர்த்துக் கொடுத்தனர். நோயின் கடுமை பாதியாகக் குறைந்தோர் 100க்கு ஏறத்தாழ 60 பேர். வெற்றுப் பொடி உண்டோரில் 41 பேர். ஆயினும் நோய் முற்றிலும் தணிவதில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கமோ, இந்நோய்க்கும் இதன் உறவான கிரோன் நோய்க்கும் இவற்றை ஆய்வுக்கூட்டங்களுக்கு வெளியே பரிந்துரைக்க இயலாது என 2020 இல் கூறிவிட்டது. நல்ல நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைப் புளிக்கச் செய்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்னும் அமிலமே பெருங்குடல் உயிரணுக்களுக்கு முதன்மை உணவு. ஆகவே அத்தகைய விளைபொருள்களையே மருந்தாக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. கடும் நோயால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு உயிருள்ள கிருமிகள் அரிதாகவேனும் கேடு செய்யக்கூடும் என்பதால் இதில் ஒரு நன்மையும் உண்டு.

எஞ்சிய 14 நோன்புகளை விட்டேன். தெருவில் நோன்புக் கஞ்சி வாளியுடன் போகும் பிள்ளைகள் பார்க்கக்கூடாதே என்று பகலில் கதவைச் சாத்திக்கொண்டு மருந்து விழுங்கிய நாட்கள் அவை. ஷவ்வாலில் மதரஸா திறந்ததும் அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை உதாரணத்துக்கு வேறு எவரையும் தேடவில்லை.

உடல் நன்கு தேறிய பின், மூன்று வேளை மருந்தையும் இரவில் ஒரே வேளையாக மாற்றித் தந்தார் மருத்துவர். முன்பே கேட்டிருந்தால் முன்பே தந்திருப்பார். மார்கழியின் குறுகிய பகல்களில் 14 நோன்புகளையும் களாச் செய்தேன். பொடியும் தொடர்கிறது. மாத்திரையை நான் விழுங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே என் மனைவி அதைக் கரைத்துத் தருகிறாள்.