மூச்சின் கணக்கு

காற்றைப் பற்றி நம் மூக்கு சொல்லும் சாட்சியம் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. சாம்பிராணி மணந்தால் வீடு தூய்மையாகிவிட்டது என்று அது நம்பிவிடுகிறது. மணமற்ற கரியமில வாயுவை அறிவதேயில்லை. அம்மாவுக்கு இரவில் மட்டும் இழுப்பு ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு வேறொரு சாட்சி தேவைப்பட்டது. அதை நானே கட்டிக்கொள்ளத் துணிந்தேன்.

இஎஸ்பி32 என்னும் நுண்கட்டுப்படுத்தியோடு இரண்டு உணரிகள். பிஎம்எஸ்5003இல் ஒரு சிறு விசிறி காற்றை உள்ளிழுக்கிறது. லேசர் ஒளி துகள்கள்மேல் பட்டுச் சிதறுவதைக்கொண்டு அவற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. 32 பைட்டுகளாக வரும் ஒவ்வொரு செய்தியிலும் முதல் 30 பைட்டுகளின் கூட்டுத்தொகை கடைசி இரண்டோடு ஒத்துப்போனால்தான் அதை ஏற்கலாம். எம்எச்-இசட்19பி உணரியோ, 4.26 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியைக் கரியமில வாயு உட்கொள்ளும் குணத்தைப் பயன்படுத்துகிறது.

சன்னலைச் சாத்திக் கொசுவத்தி ஏற்றிய சிறிது நேரத்தில் பிஎம் 2.5 கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராமைத் தாண்டியது. 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு 15. ஒரு சுருள் உமிழும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. "நாப்பது வருஷமா ஏத்தறேன், இப்பதான் உன் பெட்டி கண்டுபிடிச்சுதா?" என்றார் அம்மா. ஆனாலும் மறுவாரம் கொசுவலை வந்தது.

சிக்கல் அதோடு தீரவில்லை. அடைத்த அறையில் விடியற்காலையில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,800 பங்கு. ஆயிரத்துக்குமேல் போகலாகாதென்று மியூனிக் நகரின் பெட்டன்கோஃபர் 1858லேயே சொல்லியிருக்கிறார். தெருச் சன்னலைத் திறந்தால் வாயு இறங்குகிறது, புழுதி ஏறுகிறது. இரு எண்களையும் பல நாள் அருகருகே வைத்துப் பார்த்தபின், கொல்லைப்புறச் சன்னலே இரவுக்கு உகந்ததெனத் தெளிந்தோம்.

அம்மாவின் இழுப்பு நின்றுவிடவில்லை. இன்ஹேலரைத் தேடும் இரவுகள் குறைந்திருக்கின்றன. அதற்குக் கருவியே காரணமென்று அறுதியிட எனக்கு உரிமையில்லை. அதற்கும் குறைகள் உண்டு. ஈரப்பதம் மிகுந்தால் நீர்த்திவலையையும் தூசியென்று எண்ணிவிடும். ஒவ்வொரு நாளின் மிகக் குறைந்த அளவை 400 என்று கொண்டு வாயு உணரி தன்னைத் திருத்திக்கொள்கிறது; திறக்கப்படாத அறையில் வைத்தால் நாளடைவில் பொய் சொல்லத் தொடங்கும். உண்மையைச் சொல்ல அதற்கும் அன்றாடம் கொஞ்சம் வெளிக்காற்று வேண்டியிருக்கிறது.