முதல் அணி சொதப்பியதா?

செங்கல்பட்டுப் பக்கம் செஸ் பேச்சு வந்தாலே, 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் நம் 'ஏ' அணி ஏன் சொதப்பியது என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் அந்தப் போட்டியில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். ஓபன் பிரிவில் இரண்டாம் தரநிலையில் இறங்கிய இந்தியா 'ஏ' நான்காமிடம். முதல் தரநிலை அமெரிக்கா ஐந்தாமிடம். அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனே ஆடிய நார்வே 59-வது! தங்கம் 14-ம் தரநிலை உஸ்பெகிஸ்தானுக்கு. 11-ம் தரநிலையில் இருந்த நம் 'பி' அணிப் பையன்களுக்கு வெண்கலம். அந்த அணியின் குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார்.

ரேட்டிங்கை வைத்துப் போடும் தரநிலை நேற்றுவரைக்குமான கணக்கு. கொரோனாவில் போட்டிகள் முடங்கிக் கிடந்தபோது வளர்ந்த பிள்ளைகளின் பலம் ரேட்டிங்கில் முழுசாக ஏறியிருக்காது என்பது என் கணிப்பு.

அப்புறம், மொத்தமே 11 சுற்று, நாலு பலகை. ஒன்றரைக்கு இரண்டரை என்று தோற்றாலும் அணிக்குப் புள்ளி பூஜ்யம்தான். பெண்கள் 'ஏ' அணி முதல் தரநிலை. கடைசிச் சுற்றுக்கு முன்னிலையோடுதான் போனது. அமெரிக்காவிடம் 1–3. ஹம்பி, வைஷாலி டிரா. தானியா, பக்தி தோல்வி. தங்கம் உக்ரைனுக்கு. ஆனால் நம் பெண்கள் ஒலிம்பியாட்டில் வாங்கிய முதல் பதக்கமே அந்த வெண்கலம்தான். நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகா ஆடிய அணி அது. சொதப்பல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் பலத்தை 'ஏ', 'பி' என்று பிரித்ததையும் யாரும் பேசுவதில்லை. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் 'ஏ'வின் விதித், ஹரிகிருஷ்ணா, அர்ஜுனும் 'பி'யின் குகேஷ், பிரக்ஞானந்தாவும் ஒரே அணி. தங்கம். பெண்களுக்கும் தங்கம்.